மலிவு விலை ஃபிலிம் கேமரா: பழையதா, புதியதா, ஒருமுறை கேமராவா?

கடந்த ஓராண்டில் மூன்று பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். செம்பூரில் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள், "ஐந்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு ஃபிலிம் கேமரா வேண்டும் சித்தப்பா, புதியது வாங்கலாமா, பழையது வாங்கலாமா?" என்று கேட்டாள். தாராவியில் மளிகைக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி, பரணில் இருபது ஆண்டுகளாகக் கிடந்த ஒரு கோடக் கேமராவைத் துணிப்பையில் போட்டு எடுத்துவந்து, "இது இன்னும் படம் எடுக்குமா தம்பி?" என்று மேசைமேல் வைத்தார். டோம்பிவிலியில் இருக்கும் அலுவலக நண்பர் ஒருவர், மகளின் திருமண வரவேற்பில் விருந்தினர் மேசைகளில் ஒருமுறை கேமராக்களை (உள்ளேயே ஃபிலிமோடு வந்து, அது தீர்ந்ததும் வேலை முடிந்துவிடுபவை) வைக்கலாமா என்று விசாரித்தார். மூவருக்கும் நான் சொன்ன பதில்கள் வேறு வேறானவை. ஏன் அப்படி என்பதை விளக்கவும், இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படவும் இதை எழுதுகிறேன்.

இங்கே பேசப்போவது, ஃபோகஸ் வளையமோ வெளிச்ச அளவீடோ பற்றிக் கவலைப்படாமல் நோக்கி அழுத்தினால் போதும் என்ற வகையைச் சேர்ந்த 35 மி.மீ. கேமராக்களை மட்டுமே. ஒலிம்பஸ் மியூ-2 போல ஒரு காலத்தில் சாதாரணமாக விற்று இன்று சேகரிப்போர் கைக்குப் போய் விலை ஏறிவிட்டவற்றை விட்டுவிடுகிறேன்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

கேமராவின் விலையை முதல் அளவுகோலாகக் கொள்வதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. நான் நான்கு கேள்விகளைக் கேட்கிறேன்: ஒரு படத்துக்கு எவ்வளவு செலவாகும், நீங்கள் படம் எடுக்கும் இடத்தில் வெளிச்சம் எவ்வளவு, மழைக்கால ஈரத்தை அது தாங்குமா, பழுதானால் என்ன செய்வது.

### ஒரு படத்தின் செலவு

36 படங்கள் கொண்ட ஒரு வண்ண ரோலுக்கு ஏறக்குறைய 1,000 ரூபாயும், அதைக் கழுவி ஸ்கேன் செய்ய 500 ரூபாயும் நான் கொடுத்துவருகிறேன். கீழே உள்ள கணக்கு அந்த அடிப்படையில் போட்டது. கடைக்குக் கடை விலை மாறும் என்பதால் இதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

| வகை | கேமரா விலை (ரூ.) | படங்கள் | ஒரு ரோலின் மொத்தச் செலவு (ரூ.) | ஒரு படத்துக்கு (ரூ.) |
|---|---|---|---|---|
| பழைய, ஃபோகஸ் மாறாத கேமரா | 0 முதல் 2,500 | 36 | 1,500 | 42 |
| பழைய ஆட்டோஃபோகஸ் கேமரா | 3,000 முதல் 6,000 | 36 | 1,500 | 42 |
| புதிய பிளாஸ்டிக் கேமரா | 3,000 அளவில் | 36 | 1,500 | 42 |
| புதிய அரைச்சட்டக் கேமரா (ஒரு படத்தின் இடத்தில் இரண்டு) | 5,500 அளவில் | 72 | 1,700 | 24 |
| ஒருமுறை கேமரா | ஃபிலிமோடு சேர்த்து 1,500 | 27 | 2,000 | 74 |

இரண்டு மாதத்துக்கு ஒரு ரோல் எடுப்பவருக்கு ஆண்டுக்கு 9,000 ரூபாய் ஃபிலிமுக்கும் கழுவுவதற்குமே போய்விடும். அப்படியிருக்கையில் சந்தையில் இரண்டு மணி நேரம் பேரம் பேசி கேமராவில் முந்நூறு ரூபாய் மிச்சப்படுத்துவதால் கிடைப்பது ஏழு படங்கள்தாம். வெளிச்சம் கசியும் கேமராவை மலிவு என்று வாங்கிவிட்டால், முதல் ரோலோடு 1,500 ரூபாய் போய்விடும்.

### வெளிச்சம்

இவ்வகைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒளி புகும் துளையின் அளவும் ஒன்றே, ஷட்டர் திறந்து மூடும் வேகமும் ஒன்றே. எடுத்துக்காட்டாக, புதிய பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்த கோடக் எம்35 கேமராவில் துளை எஃப்/10, ஷட்டர் 1/120 நொடி. வெயிலானாலும் மழையானாலும் இந்த இரண்டும் மாறாது என்பதால், எந்த ஃபிலிமைப் போடுகிறீர்கள் என்பது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது.

நல்ல வெயிலில் எஃப்/16 துளைக்கு, ஃபிலிம் ஒளியை உணரும் திறனைக் காட்டும் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழே (200 ஃபிலிமுக்கு 1/200 நொடி) ஷட்டர் வேகம் என்பது பழைய புகைப்படக்காரர்களின் வாய்க்கணக்கு. அதன்படி பார்த்தால், எம்35இல் 200 ஃபிலிம் போட்டு ஜனவரி வெயிலில் மெரைன் டிரைவில் எடுக்கும்போது, தேவைக்கு மேல் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் ஏறினால் வெளிச்சம் இரு மடங்கு, இறங்கினால் பாதி) வெளிச்சம் ஃபிலிமில் விழுகிறது. வண்ண நெகட்டிவ் அந்த அதிகப்படியைத் தாங்கிக்கொள்ளும். ஜூலையில் மேகம் மூடிய நண்பகலில் வெளிச்சம் மூன்று அல்லது நான்கு ஸ்டாப் இறங்கிவிடுவதால், அதே கேமராவும் அதே ஃபிலிமும் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் குறைவாகப் பதிவு செய்கின்றன. நெகட்டிவ் ஃபிலிம் கூடுதலைப் பொறுக்கும், குறைவைப் பொறுக்காது. நிழல்கள் சேறாகி, துகள் தெறித்து, பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் படம் வரும். "கேமரா சரியில்லை" என்று என்னிடம் கொண்டுவரப்பட்ட ஸ்கேன்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். அங்கே பிழை கேமராவுடையதன்று, ஜூலை மாதத்தில் 200 ஃபிலிமைப் போட்டவருடையது. 400 ஃபிலிம் போட்டிருந்தால் குறைவு அதிகபட்சம் ஒரு ஸ்டாப்போடு நின்றிருக்கும்.

வீட்டுக்குள்ளோ, மாலை ஆறு மணிக்கு மேல் லோக்கல் ரயில் பெட்டிக்குள்ளோ ஃப்ளாஷ் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அந்தச் சிறிய ஃப்ளாஷின் கையெட்டும் தூரம் மூன்று மீட்டர் அளவே. கோயில் கர்ப்பக்கிருகத்தையும் கடலுக்கு அப்பால் தெரியும் விளக்குகளையும் இந்தக் கேமராக்களில் எடுக்க முயல வேண்டாம்.

### ஈரமும் பழுதும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்றின் ஈரப்பதம் பல நாட்களில் எண்பது விழுக்காட்டைத் தாண்டுகிறது. லென்சுக்குள் பூஞ்சை வளர அதற்கும் குறைவான ஈரமே போதுமானது. கண்ணாடி லென்ஸ் கொண்ட பழைய கேமராவை வாங்குபவர், வாங்கும்போது பூஞ்சை இல்லை என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், வாங்கிய பிறகு அதை எங்கே வைப்பது என்றும் முடிவு செய்துகொள்ள வேண்டும். தோலுறை மிக மோசமான இடம், ஏனென்றால் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சமையலறையில் பருப்பு போட்டு வைக்கும் காற்றுப்புகா டப்பா ஒன்றும், நீலத்திலிருந்து வெளிர்சிவப்பாக நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நான்கும் போதும்.

பழுது என்று வந்தால், நூறு கிராம் பிளாஸ்டிக் கேமராவைத் திறந்து பார்க்க எந்தப் பழுதுக்காரரும் முன்வருவதில்லை. இயந்திர வகைப் பழைய கேமராக்களுக்கு ஓரளவு வழி உண்டு. மின்னணு வகைக்கு, அதே மாதிரியில் இன்னொரு செத்த கேமரா கிடைத்து அதிலிருந்து பாகத்தைக் கழற்றினால்தான் உண்டு.

## பழைய கேமரா: பரணிலிருந்தோ சந்தையிலிருந்தோ

கோடக் கேபி10, யாஷிகா எம்எஃப்-2 ஆகிய இரண்டில் ஒன்று இல்லாத நடுத்தரக் குடும்பம் ஒரு காலத்தில் அரிதாக இருந்தது. இரண்டும் ஃபோகஸ் மாறாதவை, ஃப்ளாஷ் உள்ளவை, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் ஏஏ செல்லில் ஓடுபவை. கடைசியாகச் சொன்னது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆட்டோஃபோகஸ் கேமராக்கள் பலவற்றுக்கு சிஆர்123ஏ அல்லது சிஆர்2 லித்தியம் செல் வேண்டும் என்பதும், பயணத்தின் நடுவே அது தீர்ந்தால் வழியில் எங்கும் கிடைக்காது என்பதும் தெரிந்தவர்களுக்கு ஏஏ செல்லின் அருமை புரியும்.

அண்ணாச்சியின் கேபி10ஐத் திறந்தபோது செல் அறையில் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. கடைசியாக யாரோ போட்ட செல் உள்ளேயே கசிந்திருக்கிறது. வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, உலர்ந்த பிறகு உப்புத்தாளால் உலோகத் தகட்டை இலேசாகத் தேய்த்ததும் ஃப்ளாஷ் விளக்கு எரிந்தது. அவருடைய மனைவி அருகில் நின்று, "ஊட்டி ஃபிலிம் இன்னும் வருகிறதா?" என்று கேட்டார். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் உதகமண்டலத்தில் தயாரித்த 'இந்து' ஃபிலிமைத்தான் கேட்கிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அந்த ஆலை மூடி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. 400 ஃபிலிம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். தைப்பொங்கலன்று தாராவியின் 90 அடிச் சாலையில் வரிசையாகப் பொங்கல் வைத்தவர்களை அவர் எடுத்த 36 படங்களில் முப்பது நன்றாக வந்திருந்தன. மீதி ஆறும் முகத்துக்கு மிக அருகில் போய் எடுத்தவை. ஃபோகஸ் மாறாத கேமராவில் ஒன்றரை மீட்டருக்குள் போகக் கூடாது.

பரணில் எதுவும் இல்லாதவர்கள் மும்பைக் கோட்டைப் பகுதியில் சிஎஸ்எம்டி ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள போரா பஜாருக்கோ, சோர் பஜாரின் மட்டன் தெருவுக்கோ போகிறார்கள். முன்னதில் கேமராக் கடைகள் இருப்பதால் விலை சற்று அதிகமாகவும் பேச்சு சற்று நம்பகமாகவும் இருக்கும். பின்னதில் "சாலூ ஹை" (ஓடுகிறது) என்ற இரண்டு சொற்களுக்கு மேல் உத்தரவாதம் எதுவும் கிடையாது. எங்கே வாங்கினாலும் இரண்டு ஏஏ செல், ஒரு பல் குச்சி, கைப்பேசி விளக்கு, வீணான ஒரு பழைய ரோல் ஆகியவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

முதலில் செல் அறையைத் திறந்து பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்கதவைத் திறந்து, ஓரங்களில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பஞ்சுப் பட்டையைப் பல் குச்சியால் தொட்டுப் பாருங்கள். குச்சியில் தார் போல ஒட்டினால் அது மக்கிவிட்டது என்று பொருள். ஒளி கசியும். ஆனால் ஐம்பது ரூபாய்க் கறுப்புப் பட்டையை வெட்டி ஒட்டி நாமே சரிசெய்துகொள்ளலாம் என்பதால் அதற்காக கேமராவை ஒதுக்க வேண்டாம், விலையைக் குறைக்கக் கேளுங்கள். லென்சுக்குப் பின்னாலிருந்து விளக்கடித்துச் சிலந்திவலை போன்ற இழைகள் தெரிகின்றனவா என்று பாருங்கள், தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இவ்வகைக் கேமராக்களில் பலவும் உள்ளே ஃபிலிம் இல்லாதபோது ஷட்டரை அழுத்தினால் ஒன்றும் செய்யாது. ஃபிலிமின் துளைகளைக் கவ்வும் சிறு பற்சக்கரம் சுழன்றால்தான் ஷட்டர் தயாராகும். இது தெரியாமல் நல்ல கேமராவைப் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. கெட்ட கேமராவை, "ஃபிலிம் போட்டால் வேலை செய்யும்" என்று சொல்லித் தலையில் கட்டிய விற்பனையாளர்களும் உண்டு. பற்சக்கரத்தை விரலால் சுழற்றி அழுத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

விலை குறைவு என்று ஆக்ஃபா கிளிக்-3 போன்றவற்றை எடுத்துவிடாதீர்கள். அழகான கேமராதான், ஆனால் அதற்கு 120 ஃபிலிம் வேண்டும், ஒரு ரோலில் பன்னிரண்டே படங்கள். 110 கார்ட்ரிட்ஜ் கேட்கும் சட்டைப்பைக் கேமராக்களும் இன்று அலமாரிக்குத்தான் பொருத்தம்.

பழையவற்றில் என் விருப்பம் எது என்று கேட்டால் ஒலிம்பஸ் டிரிப் 35 என்பேன். 1967இல் வந்தது. லென்சைச் சுற்றியுள்ள செலினியம் வளையமே வெளிச்சத்தை அளந்துகொள்வதால் செல்லே தேவையில்லை. வெளிச்சம் போதாவிட்டால் வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி ஒன்று எழும்பி, ஷட்டரும் அழுந்த மறுத்துவிடும். ஜூலையில் ஃபிலிமை வீணாக்காத மலிவுக் கேமரா இது. ஆனால் தூரத்தை நாமே நான்கு குறியீடுகளில் ஒன்றாக வைக்க வேண்டும், உள்ளே ஃப்ளாஷ் கிடையாது, செலினியம் செத்திருந்தால் அதை உயிர்ப்பிக்கவும் முடியாது.

## பழைய ஆட்டோஃபோகஸ் கேமரா

தொண்ணூறுகளின் தானியங்கி கேமராக்கள் தூரத்தையும் வெளிச்சத்தையும் தாமே கணக்கிட்டு, ரோலைத் தாமே சுற்றி, முடிந்ததும் தாமே பின்னிழுத்துக்கொள்ளும். நல்ல நிலையில் இருந்தால் இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாவற்றையும்விடத் தெளிவான படம் தருபவை இவையே. நான் வாங்கிய ஒன்று எட்டு மாதம் ஒழுங்காக ஓடி, ஒரு ஆகஸ்ட் காலையில் லென்சைப் பாதி நீட்டிய நிலையில் உறைந்துபோனது. மூன்று பழுதுக்காரர்களிடம் கொண்டுபோனேன். மூவரும் அதைத் திறக்காமலேயே தலையசைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். 4,500 ரூபாயில் எட்டு மாதம் என்று கணக்கிட்டுக்கொண்டேன்.

ஆகவே ஜூம் இல்லாத மாதிரியைத் தேடுங்கள். ஜூம் லென்சை முழுதாக நீட்டினால் துளை வெகுவாகச் சுருங்கிவிடுவதால், வெளிச்சம் குறைந்த நம் மழைக்காலத்தில் அந்த நீளத்தால் பயனும் இல்லை. இன்னொரு செய்தி: இவை ஃபிலிம் டப்பாவின் மேலுள்ள வெள்ளிக் கட்டங்களைத் தொட்டு ஐ.எஸ்.ஓ. எண்ணை அறிந்துகொள்கின்றன. சினிமா ஃபிலிமை வெட்டி வெற்று டப்பாவில் சுற்றி விற்கிறார்களே, அதில் அந்தக் கட்டங்கள் இல்லாவிட்டால் பல கேமராக்கள் அதை 100 என்றே எடுத்துக்கொள்ளும்.

## புதிய பிளாஸ்டிக் கேமரா

பெட்டி பிரிக்காதது, பூஞ்சை இல்லாதது, கடை உத்தரவாதம் உள்ளது என்பவை இதன் நிறைகள். எம்35இல் 31 மி.மீ. அகலக்கோண பிளாஸ்டிக் லென்ஸ், ஒற்றை ஏஏஏ செல்லில் எரியும் ஃப்ளாஷ், ஃபிலிம் சுற்ற ஒரு சக்கரம் ஆகியவற்றைத் தவிர வேறொன்றும் கிடையாது. கோடக் பெயரை உரிமம் பெற்று வேறு நிறுவனம் தயாரிக்கிறது என்பதையும், பழைய கோடக்கை நினைத்துக்கொண்டு வாங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். படத்தின் நடுப்பகுதி ஓரளவு கூர்மையாகவும் மூலைகள் குழைந்தும் இருக்கும். சிலருக்கு அந்தக் குழைவே பிடித்திருக்கிறது. எனக்கு, ஒரு படத்துக்கு 42 ரூபாய் கொடுத்துவிட்டுக் குழைந்த மூலைகளைப் பார்க்க மனம் வருவதில்லை.

மறைந்திருக்கும் செலவு ஃபிலிமைப் பின்னிழுப்பதில் இருக்கிறது. ரோல் முடிந்ததும் அடியிலுள்ள பொத்தானை அழுத்திக்கொண்டு கைப்பிடியைச் சுற்றி ஃபிலிம் முழுவதையும் டப்பாவுக்குள் திருப்பிய பிறகே கதவைத் திறக்க வேண்டும். கைப்பேசியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது யாரும் சொல்லாமல் தெரிவதில்லை. என் அண்ணன் மகளின் தோழி அலிபாக் பயணத்தின் 36 படங்களையும் மாண்ட்வா படகுத்துறையில் பட்டப்பகலில் கதவைத் திறந்து இழந்தாள். பாதியில் சக்கரம் இறுகினால் பலத்தைக் காட்டித் திருப்புவதும் கூடாது. ஃபிலிமின் ஓரத் துளைகள் கிழிந்து, எல்லாப் படங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும்.

## அரைச்சட்டக் கேமரா

2022இல் வந்த கோடக் எக்டார் எச்35, ஒரு படத்துக்கான இடத்தில் இரண்டு படங்களை எடுக்கிறது. 24க்கு 36 மி.மீ. சட்டத்தை நெடுக்காகப் பாதியாக்கி, 36 ரோலில் 72 படங்கள் தருகிறது. அட்டவணையில் 24 ரூபாய் என்பதைப் பார்த்ததும் எல்லோர் விரலும் இதன்மேல்தான் போய் நிற்கும். நான் அவ்வளவு எளிதாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏனென்றால் 72 படங்களை எடுத்து முடிக்க எவ்வளவு காலமாகும் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மார்ச் மாதம் போட்ட ரோல் செப்டம்பர் வரை உள்ளே கிடந்து, வெயிலையும் மழையையும் கைப்பையில் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, முதலில் எடுத்த படங்களின் நிறம் மங்கியிருக்கும். எடுத்த ஃபிலிமை மாதக்கணக்கில் வெப்பத்தில் வைத்திருக்கக் கூடாது. சில லேப்கள் அரைச்சட்டத்தை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யக் கூடுதல் கட்டணம் கேட்கும், மறுத்தால் இரண்டிரண்டாக ஒட்டியே கொடுக்கும். வாரந்தோறும் ஊர் சுற்றுபவர், படங்களைக் கைப்பேசித் திரைக்கு மேல் பெரிதாக்கும் எண்ணம் இல்லாதவர், இரண்டு படங்களை அருகருகே வைத்துக் கதை சொல்ல விரும்புபவர் ஆகியோருக்கு இதைவிடச் சிக்கனமானது வேறில்லை.

## ஒருமுறை கேமரா

ஃபுஜிஃபில்ம் குயிக்ஸ்னாப், கோடக் ஃபன்சேவர் இரண்டிலும் 27 படங்கள். முன்னதில் 400 ஃபிலிம், பின்னதில் 800 ஃபிலிம். விலை அதிகம்தான். மாதாமாதம் எடுப்பவருக்கு மூன்றாவது ரோலிலேயே புதிய பிளாஸ்டிக் கேமரா இதைவிட மலிவாகிவிடும். ஆயினும் 800 ஃபிலிம் உள்ளே இருப்பதால், மழைக்கால மதியத்தில் எம்35 தடுமாறும் இடத்தில் ஃபன்சேவர் சரியாகப் பதிவு செய்யும். ஃபிலிம் முன்கூட்டியே வெளியே இழுத்துச் சுற்றப்பட்டு, ஒவ்வொரு படத்துக்கும் டப்பாவுக்குள் திரும்பிப் போவதால், எடுத்த படங்கள் எப்போதும் பாதுகாப்பாக இருக்கும்.

டோம்பிவிலி நண்பர் ஆறு வாங்கி வரவேற்பில் வைத்தார். மொத்தம் 12,000 ரூபாய். 162 படங்களில் நாற்பதுக்கும் மேல் கறுப்பாக வந்தன, ஏனென்றால் ஃப்ளாஷுக்குத் தனிப் பொத்தான் இருப்பதை விருந்தினரிடம் யாரும் சொல்லவில்லை. மேசையில் கேமராவோடு, "ஃப்ளாஷ் பொத்தானை அழுத்தி, விளக்கு எரிந்த பின் எடுக்கவும், ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கவும்" என்று ஒரு அட்டை வைத்திருந்தால் அவற்றில் பெரும்பகுதி தப்பியிருக்கும். காலியான கேமராவைக் குழந்தைகளிடம் விளையாடக் கொடுக்காதீர்கள். ஃப்ளாஷின் மின்தேக்கியில் ஏறக்குறைய 300 வோல்ட் தங்கியிருக்கும், உடைத்துத் திறப்பவர் கையில் அது பாயும்.

## யாருக்கு எது

வீட்டில் பழையது ஒன்று கிடந்தால், அதைச் சோதித்து ஒரு ரோல் போட்டுப் பார்க்காமல் வேறு எதையும் வாங்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு விழா, ஒரு பயணம் என்பவருக்கு ஒருமுறை கேமராவே உண்மையில் மலிவு. சந்தையில் சோதித்து வாங்கப் பொறுமையும் டப்பாவில் பூட்டி வைக்க ஒழுங்கும் உள்ளவர் பழைய கேமராவுக்குப் போகலாம், இரண்டும் இல்லாதவர் புதியதையே வாங்கட்டும். அண்ணன் மகளுக்கு அந்தப் பொறுமை இருந்தது. மூன்று ஞாயிறுகள் என்னோடு அலைந்து, 1,800 ரூபாய்க்கு ஒரு எம்எஃப்-2 வாங்கினாள், கறுப்புப் பட்டையைத் தானே ஒட்டினாள், மீதிப் பணத்தில் 400 ஃபிலிம் இரண்டு ரோல் வாங்கிக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறாள்.

எந்தக் கேமராவை வாங்கினாலும் லேப்பில் இரண்டு செய்திகளை வாய்விட்டுச் சொல்லுங்கள். சினிமா ஃபிலிமைச் சுற்றி விற்ற ரோல் என்றால் அதை முதலிலேயே தெரிவித்துவிடுங்கள். அத்தகைய ரோல்கள் பலவற்றின் பின்புறம் ரெம்ஜெட் என்ற கரிப்பூச்சு இருக்கும், வண்ண நெகட்டிவ் கழுவும் சாதாரண சி-41 இயந்திரத்தில் போட்டால் அது கரைந்து மற்றவர்களின் ஃபிலிமையும் சேர்த்துக் கெடுக்கும். அடுத்து, நெகட்டிவைத் திரும்பக் கேளுங்கள். ஸ்கேன் கைப்பேசிக்கு வந்துவிட்டது என்று பலரும் அதை வாங்கப் போவதில்லை, சில மாதங்கள் வைத்திருந்துவிட்டு லேப்காரரும் வெளியே போட்டுவிடுகிறார்.